மூன்று முறை அழித்தும் திரும்பிய பெயர்

காலை ஐந்து நாற்பது. கோலியனூர் பால் சென்டருக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது, பால் பரிசோதனை மிஷினில் எரிந்த சிவப்பு விளக்கு. எதிரே கேனை இறக்காமல் அஞ்சலை நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூன்று மாடுகள் வைத்திருந்தார்.

"அக்கா, உங்க பேரு இன்னும் செவப்புலதான் கீது. ஊத்த முடியாது" என்றார் சென்டரைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை.

"நேத்தே இன்ஜினீயரு எடுத்துட்டாருன்னியே? உன் மிஷினு என்னிக்காவது மாடு கறந்திருக்குதா? அதுக்கு இன்னா தெரியும்?"

அந்த இன்ஜினீயர் நான்தான். ஒரு தனியார் பால் நிறுவனத்தில் மிஷின் சர்வீஸ் என் வேலை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே எங்களுக்குப் பதினொரு சென்டர்கள். பல ஊர்களில் போன் பேசலாம், நெட் நிற்காது. அதனால் எங்கள் மிஷின்கள் ஆபீஸ் சர்வரை நம்பியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, அந்நேரம் தொடர்பு கிடைத்த வேறு இரண்டு மிஷின்களிடம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும். அவை இன்னும் இரண்டிரண்டிடம் சொல்லும். இந்த முறைக்கு காஸிப், அதாவது ஊர்வம்பு, என்றே பெயர். பாலில் தண்ணீர் என்று கோலியனூரில் ஒருவர் தடை செய்யப்பட்டால், அரை மணி நேரத்தில் விக்கிரவாண்டியிலும் அவரால் ஊற்ற முடியாது.

அஞ்சலை தண்ணீர் கலக்கவில்லை. மிஷினைக் கழுவிய தண்ணீர் குழாயில் கொஞ்சம் தங்கிவிட்டிருந்தது. தினமும் முதல் ஆளாக வந்ததால் அது அவர் பாலில் சேர்ந்தது. குழாயைச் சரிசெய்தேன். பெயரை ஓரிடத்தில் மட்டும் அழித்தால் அடுத்த மிஷின் திரும்பச் சொல்லிவிடும் என்பதும் தெரியும். எனவே பதினொரு சென்டருக்கும் போன் போட்டு, சரியாகப் பகல் பன்னிரண்டுக்கு எல்லோரையும் அழிக்கச் சொன்னேன். அழித்தார்கள். மறுநாள் காலை எரிந்ததுதான் அந்தச் சிவப்பு.

அன்றும் பன்னிரண்டுக்கு அழித்தோம். மாலை திரும்பி வந்தது. யாராவது அழிக்காமலே அழித்தேன் என்கிறார்களா? கடிகாரம் பிசகா? ஏழுமலை என்னைச் சந்தேகித்தார், அஞ்சலை ஏழுமலையைச் சந்தேகித்தார். நான் மிஷினைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் புரியாமல் மூடினேன்.

"வீட்டுக்குப் பால் வாங்குறவங்களும் நிறுத்திட்டாங்க சார்" என்றார் அஞ்சலை. "மிஷினே சொல்லிச்சாமேன்றாங்க. தெனம் இத்தினி பாலை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, மாட்டையே குளிப்பாட்டவா? ஒண்ண வித்துடுன்னு எம் புள்ள பேஜாரு பண்ணிக்கினு இருக்கான்."

மூன்றாம் நாள் திண்டிவனம் ஆபீஸில் இருந்தபடி அழிக்கச் சொன்னேன். லேப்டாப்பில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். பதினொன்றும் பச்சை. இரண்டு பத்துக்கு இரும்பு பீரோவின் பின்னால் 'பீப்' என்று ஒரு சத்தம். சில நிமிடங்களில் இரண்டு சென்டர்கள் சிவப்பு. பிறகு நான்கு.

பீரோவின் பின்னால் ஸ்பேர் மிஷின் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தடை விழுந்த அன்றே அது அஞ்சலையின் பெயரைக் கேட்டு வைத்திருந்தது; நாங்கள் அழித்த நேரமெல்லாம் அணைந்து கிடந்தது.

"தெனம் சாப்ட்டு வந்து ஒரு மணி நேரம் போடுவேன் சார், பேட்டரி செத்துடும்ல" என்றார் ஸ்டோர்கீப்பர் லோகநாதன்.

"ஏங்க சொல்லல?"

"நீங்க சென்டர் மிஷினத்தான கேட்டீங்க? இது பீரோ மிஷினு."

அழிக்க வேண்டிய மிஷின்களைப் பட்டியல் போட்டவன் நான். என் முதுகுக்குப் பின்னால் இருந்த மிஷின் அதில் எப்படி விடுபட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான்காவது முறை அழிக்கவில்லை. அஞ்சலையின் பெயரில் 'தடை நீக்கம்' என்று, பழையதைவிடப் பிந்திய நேரத்துடன் புதிய பதிவு ஒன்றை அந்த ஸ்பேர் மிஷினிலேயே போட்டேன். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தன்னிடம் இல்லாததைப் பற்றி ஒரு மிஷின் இன்னொன்றிடம் சொல்லாது. இருப்பதை மட்டுமே சொல்லும். ஒரு தகவலை நிறுத்த வேண்டுமானால், அது தவறு என்ற தகவலையும் அதே வழியில் அனுப்ப வேண்டும்.

புதிய பதிவு அரை மணி நேரத்தில் பதினொரு சென்டருக்கும் போய்ச் சேர்ந்தது. மாலை நான்கு மணிக்குக் கோலியனூரில் பச்சை விளக்கு எரிந்தது. அஞ்சலை முதல் ஆளாக வந்து பால் ஊற்றினார். இரண்டு மாட்டுப் பால். மூன்றாவது மாட்டை அன்று காலையில் விற்றிருந்தார்.