மாமா வயலில் நான் நட்ட கோரை

கோரைக்கிழங்கை நகத்தால் கீறினால் நாட்டுமருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல ஒரு வாசனை எழும்; நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க என் விரல்களில் அந்த வாசனைதான். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயக் கண்காட்சியின் பெரிய பூசணிக்காய்ப் போட்டிக்காக அம்மா ஒரே ஒரு கொடியை வளர்த்துக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் அவள் தோற்றபோது, "பொம்பளைக்கு எதுக்குட்டி போட்டி? கொண்டுபோய்க் கொழம்பு வையி" என்று அவளுடைய சொந்த அண்ணனே, அதாவது என் தாய்மாமனே, ஊர் கேட்கச் சிரித்திருந்தார்.

பூசணி வேர் மண்ணின் மேல்மட்டத்திலேயே ஓடும் என்பதால் கொடியின் பக்கத்தில் மண்வெட்டி வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். முதல்நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் ஈரம் காயுமுன் "களைக்கொத்தி"யால் மண்ணை நெகிழ்த்தி, கிழங்கு அறுந்துவிடாமல் கோரையை உருவி, வெறும் மண் தெரிகிற இடமெல்லாம் கரும்புச் சோகையைப் பரப்புவோம். குப்பைக்குழியில் போட்டாலும் முளைத்துவிடும் என்பதால் கிழங்குகளைச் சட்டியில் சேர்த்து, பாறையில் காயவைத்து எரிப்போம். "ஒண்ணு தங்குனாலும் குடும்பம் குட்டியா வந்துரும்ட்டி" என்பாள். காய் தண்ணீர்க்குடம் அளவுக்கு வந்துவிட்டது.

எங்களுக்கு மேற்கே மாமாவின் நெல்வயல். அதற்கும் மேற்கே, கிணற்றடியில், போட்டிக்கான அவருடைய பூசணி. மேற்கேயிருந்து ஆடிக்காற்று ஆளைத் தள்ளிய ஒரு காலையில் அவர் நெல்வயலில் களைக்கொல்லி அடிக்க ஸ்பிரேயரை முதுகில் மாட்டினார். அம்மா வரப்புக்கு ஓடினாள்.

"அண்ணே, காத்து அடங்கட்டும், பொறவு அடிங்க. நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது, என் கொடி சுருண்டுரும்."

"காத்துக்கு நான் என்னட்டி செய்ய?" என்று கேட்டுவிட்டு அவர் அடித்துக்கொண்டே போனார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாலே நாளில் இலைகள் முறுக்கிக்கொண்டன; காய் வெம்பிக் காம்போடு கழன்றது. மாமா பித்தளை அண்டாவைப் பரிசாக வாங்கிவந்தார். வந்த கையோடு, ஜெயித்த காயில் ஒரு கீற்று வெட்டி எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். அம்மா அதைக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். அண்ணன் தங்கை உறவு விட்டுப்போகக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் காயாத கோரைக்கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், மாமாவின் கிணற்றடி மண்ணில் சாணுக்கு ஒன்றாகப் புதைத்து, தண்ணீரும் விட்டேன். அவ்வளவு அக்கறையாக நான் எதையும் நட்டதில்லை. அடுத்த வருஷம் அவருடைய கொடியைக் கோரை மூடியது. ஆத்திரத்தில் மண்வெட்டியால் கொத்தினார். பூசணி வேர் அறுந்தது, கோரை பெருகியது. அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது.

அந்த மண்ணுக்கே தொண்ணூறுகளில் மருமகளாகப் போவேன் என்று யார் கண்டது? முறைமாப்பிள்ளை என்று மாமா மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மறுவீடு முடிந்த வாரமே மாமா என் கையில் களைக்கொத்தியைக் கொடுத்து, "எந்த எழவெடுத்தவன் கண்ணு பட்டுச்சோ மருமவளே, இந்தக் கோரை ஒழிய மாட்டேங்கு" என்றார். வாங்கிக்கொண்டு குனிந்தேன், இன்னும் குனிகிறேன்.

இப்போது அந்தக் கண்காட்சியும் இல்லை, மாமாவும் இல்லை. அம்மாவின் பூசணித் தோட்டம் வீட்டுமனையாகிவிட்டது. போன மாதம் இடுப்புவலி தாங்காமல், நான் செய்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லாதவள், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு சட்டிதானாட்டி போட்ட?" என்றாள்.