என்னைப் பார்க்காமலே எனக்குச் சொன்ன நோய்

என் கணவர் தறியில் உட்கார முடியாமல் தவிக்கிறார் என்பதை முதலில் கவனித்தது நான்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவர் குறுக்கே நூல் ஓட்டும் நாடாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போவார், வருவார், உடனே மறுபடியும் போவார். திரும்பி வந்து உட்காரும்போது பல்லைக் கடிப்பார். பக்கத்திலேயே நாடாவுக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாமல் போகுமா?

"இன்னாங்க பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. சூடு."

சூடு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். நீர்மோர் கொடுத்தேன். தாமல் கிராமத்தில் இருந்த என் அம்மா ஏரிக்கரையில் முளைத்த நெருஞ்சிலைப் பிடுங்கிக் காயவைத்து அனுப்பினாள். அதை இடித்துக் கஷாயம் போட்டேன். குடித்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது என்றார். ஆனால் வலி போகவில்லை. அடிவயிற்றில் தொடங்கித் தொடைகளுக்கு நடுவே இறங்கும் வலி அது. அந்த இடத்தைச் சொல்லவே அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

முதலில் ஒரு டாக்டரிடம் போனார். அங்கே தடுப்புக்குத் துணிதான். வெளியே வரிசையில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். டாக்டர் அவர் வயிற்றைக்கூடத் தொடவில்லை. "வெளி சகவாசம் ஏதாவது உண்டா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். இல்லை என்றதற்கு, "எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றீங்க" என்று சிரித்தாராம். ஊசி போட்டு அனுப்பிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அப்படி விரட்டப்பட்ட ஆண்களைப் பிடிப்பதற்கென்றே ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு மாதாமாதம் வருவான். ஆண்களின் ரகசிய நோய்களுக்கு மூலிகை லேகியம் என்று சுவரெல்லாம் நோட்டீஸ். என் கணவர் எனக்குச் சொல்லாமல் அங்கே போயிருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் பாயை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்தில் படுக்க ஆரம்பித்தது மட்டும்தான். வாரங்கள் போயின. மாமியார் அதைப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஆம்பள எதுக்கு வெளிய படுப்பான்? பொம்பள கிட்ட கோளாறு இருந்தாதான் படுப்பான்."

தார்க்குச்சிக் கூடையின் அடியில் லேகிய டப்பா அகப்பட்டபோது அதை அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னா?"

தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வைத்தியரு குடுத்தாரு. உன் ஒடம்பு சூட்டு ஒடம்பாம். அது எனக்கு ஏறிக்கினுதாம். தள்ளி இருக்கணும்னாரு."

"என்னை எப்ப பாத்தாரு அவரு?"

டப்பாவை எடுத்து மறுபடி கூடைக்குள்ளேயே வைத்தார்.

அந்த வைத்தியன் அடுத்த முறை லாட்ஜுக்கு வந்தபோது நான் கிளம்பினேன். "அங்க வந்து நீ இன்னா பேசப் போற? மானம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார். லாட்ஜ் வராந்தாவில் ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "லேடீஸ் உள்ள வரக் கூடாதும்மா" என்று வாசலில் இருந்தவன் கையை நீட்டினான். அதைத் தாண்டி உள்ளே போனேன்.

பட்டு வேட்டியும் விபூதியுமாக அவன் உட்கார்ந்திருந்தான், மேஜை நிறைய டப்பாக்கள். நான் கேட்டேன்: "அவரு வலிக்குதுன்னுதானே உங்ககிட்ட வந்தாரு? என்னைப் பாக்காமலே எனக்கு எப்படி நோய் சொன்னீங்க?"

"இதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்."

"என் ஒடம்பு எப்படி ஆம்பளைங்க விஷயம் ஆச்சு? சரி, இந்த லேகியத்துல இன்னா போட்டீங்க, அதையாச்சும் சொல்லுங்க."

"பரம்பரை ரகசியம். வெளிய சொல்ற வழக்கம் இல்ல."

"நெருஞ்சிமுள்ளுல எங்கம்மா கஷாயம் போடுறாங்க. கேட்டா ஊருக்கே சொல்லுவாங்க. உங்களுக்கு மட்டும் இன்னா ரகசியம்?"

வராந்தாவில் ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வழியெல்லாம் முன்னாலேயே நடந்தார். அந்த லேகியத்தையும் நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கொஞ்ச நாளில் ஒரு காலை அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. கல்லைப்போல் வயிறு உப்பி, ஆள் துடித்தார். குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் வைத்துத்தான் எடுத்தார்கள். அங்கே இருந்த வயதான டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்யறீங்க?" என்பது.

தறி வேலை, லேகியம், வைத்தியன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னோம். இவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அது புண்பட்டு வீங்கியிருக்கு. எதனால வந்ததுன்னு என்னாலயும் உறுதியா சொல்ல முடியல. ஆனா இது யார் செஞ்ச பாவமும் இல்ல. அம்மா, உங்க ஒடம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த லேகியத்தைத் தூக்கிப் போடுங்க. என்ன இருக்குன்னு தெரியாத மருந்து வேணாம்."

நெருஞ்சில் கஷாயத்தைப் பற்றிக் கேட்டேன். "அளவா குடிக்கட்டும். அதுலயே குணமாயிடும்னு மட்டும் இருந்துடாதீங்க" என்றார். மாத்திரை கொடுத்தார். தினமும் வெந்நீரில் இடுப்பு நனைய உட்காரச் சொன்னார். ஒரேயடியாகத் தறியில் உட்காராமல் அடிக்கடி எழுந்து நடக்கச் சொன்னார்.

வலி முழுக்கப் போய்விடவில்லை. சில மாதம் நிம்மதியாக இருப்பார், சில மாதம் மறுபடி படுத்தும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரவே அவர் பாய் தறிக்கூடத்திலிருந்து உள்ளே வந்துவிட்டது.

பிறகொரு நாள் விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இவர் காதோரம் லாட்ஜ் வைத்தியனைப் பற்றி ஏதோ கேட்டார். என் கணவர் பாவை விட்டுவிட்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்: "லாட்ஜுக்குப் போவாதப்பா! எனக்கும் அந்த வலிதான். அந்தாளு பொஞ்சாதி மேல பழி போடுவான். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன், வா."

யாரும் சிரிக்கவில்லை. மாமியாரும் வாசலில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். என்னைச் சொன்ன சொல்லை அன்றும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, கடைசிவரை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அதை மறக்கவில்லை.