பவுனு ஒதுக்கிய மூலை

உதுமான் பாயின் குதிரை, காலடியில் அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டாலும் அசையாது என்று சிவகாசி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சு என்று நினைக்காதீர்கள், அந்த மனிதருக்குச் சோறு போட்டதே அதுதான். இந்த ஊரில் மாப்பிள்ளை ஊர்வலமோ காதுகுத்தோ வேட்டு இல்லாமல் நடக்குமா? பட்டாசு கம்பெனி முதலாளி வீட்டு விசேஷம் என்றால் தெருவே புகைக்குள் போய்விடும். மற்றவர்கள் கொண்டுவரும் குதிரை முன்னங்காலைத் தூக்கும், மாப்பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுவார். உதுமானின் வெள்ளைக் குதிரை பவுனு மட்டும் கல்லுப்பிள்ளையார் கணக்காக நிற்கும்.

அசையாத குதிரை என்ற அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பவுனுவின் தாய் வெடிச் சத்தத்தில்தான் செத்தது. திருத்தங்கலில் ஒரு சாயங்காலம், பக்கத்துக் கம்பெனியில் புதுச் சரக்கை வானத்தில் விட்டுப் பார்த்தார்கள். மிரண்ட குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, லோடு லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தது. உதுமான் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு நெஞ்சுக்குள் ஏறிய பயம் அப்புறம் இறங்கவே இல்லை. தாயில்லாமல் வளர்ந்த பவுனுவுக்கு அந்தப் பயத்தில்தான் பாடம் நடத்தினார். குதிரை குளம்பால் தரையைப் பிறாண்டுகிறதா, நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுகிறதா, அது மிரளப் போகிறது என்று அர்த்தம். உடனே காதில் பஞ்சு, கண்ணுக்குப் பட்டை, இரண்டு பக்கத் தூணிலும் கயிறு. தலையைத் திருப்ப முடியாதபடி இழுத்துக் கட்டிவிடுவார்.

அந்தப் பவுனு இப்போது நிறைசினை. அதற்கு வயதும் ஏறிவிட்டது, ஊர்வலத்துக்கு இனி அதன் குட்டிதான் வர வேண்டும். தொழில் ஒரு பக்கம் இருக்கட்டும், உதுமானின் மனைவி சம்சாத்துக்கு அந்தக் குட்டி மேல் உயிர். ஒரே மகள் நாதியாவை ஏழாயிரம்பண்ணையில் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது. தினமும் பவுனுவின் வயிற்றில் கை வைத்துக் குட்டி உதைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு சாயங்காலம் பவுனு தீவனத்தைத் தொடவில்லை. குதிரை கட்டும் கொட்டடியில் கூடப் படுத்துக்கிடந்த சம்சாத்தின் ஆடுகளைக் கடித்து வெளியே விரட்டியது. பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸிலிருந்து உதுமான் அள்ளிவந்து படுக்கையாகப் பரப்பியிருந்த பேப்பர் கழிவைக் குளம்பால் இழுத்து இழுத்து ஒரு மூலையில் சேர்த்தது. அதைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி பிறாண்டியது. அந்த நேரம் பார்த்து விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வாணம் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

உதுமான் கொட்டடிக்குள் பாய்ந்தார். "ஆத்தாக்காரி புத்தி இதுக்கும் வந்துருச்சு புள்ள. எடு கயித்த!"

"மெரளல இது, நல்லாப் பாருங்க," என்றாள் சம்சாத். "ஆட்டை வெரட்டுது, பேப்பரை ஒதுக்குது. குட்டி போட எடம் பண்ணுதுங்க."

"குட்டி போட அடுத்த பிறை ஆகும். குதிரையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"குதிரையப் பத்தித் தெரியாது. நாதியாவப் பெக்கறதுக்கு மொத நாளு, அம்புட்டு வயித்தோட நான் பரண்ல இருந்த சட்டிபானையெல்லாம் எறக்கிக் கழுவலையா? பேய் புடிச்சிருக்கான்னு ஒங்கம்மா வஞ்சாக. ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியாது. செய்யாட்டி இருப்புக்கொள்ளல. இது மொகமும் இப்ப அப்படித்தான் இருக்கு. கட்டாதீக."

உதுமான் ஒரு நிமிஷம் தயங்கினார். அந்த நிமிஷத்தோடு அவர் நின்றிருக்கக் கூடாதா! வானத்தில் ஒன்று படாரென்று வெடித்தது, படுத்திருந்த பவுனு துள்ளி எழுந்தது. வயிற்று வலியில் எழுந்ததோ என்னவோ, அவர் கண்ணுக்குத் தெரிந்தது லாரிச் சக்கரம்தான். பஞ்சை அடைத்தார், பட்டையைக் கட்டினார், கயிற்றை இழுத்து இரண்டு தூணிலும் முடிந்தார்.

"படுக்கவாச்சும் கயித்த நீட்டி விடுங்க," என்று சம்சாத் கெஞ்சினாள்.

"படுத்துப் பொரண்டு அத்துக்கிட்டுப் போச்சுன்னா? ரோடு பூரா லாரி. போயி சோத்தப் போடு, போ."

இருட்டியதும் வாணம் நின்றது. பவுனுவும் அசையாமல் நின்றது. அதன் கழுத்தெல்லாம் வேர்வையாக இருந்தது. பயத்தில் வேர்த்திருக்கிறது, விடிந்தால் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உதுமான் போய்ப் படுத்தார்.

விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு வந்து கொட்டடியைத் திறந்தார். பவுனு கட்டிய இடத்திலேயே நின்றது. பின்காலெல்லாம் ஈரம். காலுக்குப் பின்னால் வெறும் சிமெண்டுத் தரையில் குட்டி கிடந்தது. பனிக்குடப் பை அதன் மூக்கை மூடியிருந்தது. தாய் திரும்பி ஒரு தடவை நக்கியிருந்தால் கிழிந்திருக்கும். திரும்ப முயன்றுதான் பார்த்திருக்கிறது. கயிறு கழுத்துத் தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. மூலையில் அது சேர்த்து வைத்த பேப்பர் படுக்கை காய்ந்து கிடந்தது.

உதுமான் பையைக் கிழித்தார். மூக்குக்குள் வாய் வைத்து ஊதினார். சட்டையைக் கழற்றித் தேய்த்தார், காலைப் பிடித்துக் குலுக்கினார். குட்டி குளிர்ந்து போயிருந்தது. தாயைப் போலவே வெள்ளை, பெட்டை.

"சம்சாத்து, நான் கொன்னுட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. "மொதல்ல அத அவுத்துவிடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

கயிறு, பட்டை, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்தார். பவுனு அவரைப் பார்க்கவில்லை. திரும்பிக் குட்டியை முகர்ந்தது, நக்கியது. பிறகு மூக்கால் அதை மூலைப் பக்கம் நெட்டியது. தான் தயார் பண்ணின இடத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது. குட்டி வராமல் போகவே சம்சாத் குனிந்து அதைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பேப்பர் மேல் கிடத்தினாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பவுனு அதன் பக்கத்தில் படுத்தது. புதைக்கத் தூக்கலாம் என்று கிட்டே போன உதுமானை அது பல்லைக் காட்டி விரட்டியது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அது பல்லைக் காட்டியதே இல்லை.

பொழுது சாய்ந்தும் அதை நகர்த்த முடியவில்லை. விஸ்வநத்தம் பக்கம் மறுபடியும் வாணம் விட ஆரம்பித்தார்கள். முதல் வெடி கொட்டடித் தகரமே அதிரும்படி வெடித்தது.

உதுமான் பதறி எழுந்தார். கை தானாகக் கயிற்றைத் தேடியது. பவுனுவின் காதில் பஞ்சு இல்லை, கண்ணில் பட்டை இல்லை, கழுத்தில் கயிறும் இல்லை. அடுத்தது வெடித்தது, அதற்கு அடுத்ததும் வெடித்தது. அது காதைக்கூட ஆட்டாமல் செத்த குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது.

சம்சாத் புருஷனின் கையைப் பார்த்தாள். கயிற்றை எடுத்துவிட்டிருந்த அந்தக் கை ஒவ்வொரு வெடிக்கும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தது.