வெயிலில் வைத்த நாற்காலி

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வார்னிஷ் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. உள்ளே பிரம்பு பின்னிய நாற்காலி. அலிபிரிப் பக்கம் நாங்கள் வாங்கிய இந்தப் புது ஃப்ளாட்டை அறுபதுகளின் வீடு போல ஆக்கவேண்டும் என்பது என் மனைவி பவானியின் ஆசை. சாய்ந்த கால்கள் வைத்த தேக்கு மேஜை, கடுகு மஞ்சள் திண்டு, பழைய வானொலி போல ஒரு ஸ்பீக்கர் எல்லாம் அவள் தேர்வு. அந்த ஸ்பீக்கருக்குள் இருப்பது புளூடூத்; முன்னாலிருக்கும் குமிழ் சும்மா சுற்றும். நாற்காலி மட்டும் நான் பிடிவாதமாக வாங்கியது.

ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்ததே கல்லூரியில்தான். ஆனால் கங்காதர நெல்லூர் பக்கம் எங்கள் ஊரில், நைனா கூலிக்குப் போன பெரிய வீட்டில், இதே மாதிரி ஒன்று இருந்தது. கோடை வந்தால் அதில் மூட்டைப்பூச்சியும் வந்துவிடும். நைனா அதைத் தலைமேல் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவருவார். பிரம்பு இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வெயிலில் காயவைத்து, தரையில் ஓங்கித் தட்டுவார். உதிர்வதைக் காலால் தேய்ப்பது என் வேலை. அப்போது ஒரு நாற்றம் எழும் பாருங்கள், கிட்டத்தட்டக் கொத்துமல்லித் தழை. இன்றைக்கும் பவானி ரசத்துக்குக் கொத்துமல்லி கிள்ளினால் நான் அந்த முற்றத்துக்குப் போய்வந்துவிடுவேன். அவளிடம் இதைச் சொன்ன அன்று எனக்கு ரசம் கிடைக்கவில்லை.

அத்தனை வருடம் தூக்கிய நாற்காலியில் நைனா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அவர் உட்காரவேண்டும் என்றுதான் வாங்கினேன். பவானியிடம், "பின்னல் நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

போன மாதம் நைனா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடா, பெரிய வூட்டு நாற்காலி இங்க வந்துகீது?"

"ஒக்காரு நைனா."

உட்காரவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து இடுக்குகளில் விரல் விட்டுப் பார்த்தார். அப்படியே தலைமேல் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நடந்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி வையும்மா."

"மாமா, அது புதுசு! மாடல்தான் பழசு" என்று பவானி பதறினாள்.

"பழைய மாடல்னா அதுங்களும் இருக்குமில்ல?"

பவானி சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டிலும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறாரே என்றிருந்தது. வார்னிஷ் பற்றிய கவலையும் இருந்தது, பொய் சொல்வானேன். கெஞ்சிக் கூத்தாடிச் சுடுதண்ணீரைத் தடுத்து, வெயிலோடு நிறுத்தினோம்.

மத்தியானம் நாற்காலியைத் தரையில் தட்டினார். ஒன்றும் உதிரவில்லை. நம்பாமல் இன்னொரு தட்டு.

"ஒண்ணுகூட இல்லியே" என்றார், ஏமாந்தவர் போல. "சரி, கடிக்குதான்னு பாக்கறேன்."

உட்கார்ந்தார்.

"கடிக்குதா நைனா?"

"இருடா, அதுங்க ஒடனே கடிக்காது."

முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

பெரிய வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அந்த நாற்காலி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டைப்பூச்சிகள் போன இடமும் தெரியவில்லை. நைனா வரும் நாட்களில் மஞ்சள் திண்டைத் தரையில் போட்டு உட்காருவது நான்தான்.

"இன்னும் கடிக்கலியா நைனா?"

"பாத்துக்கினுதான்டா கீறேன்" என்பார், எழுந்திருக்காமல்.