இடது பக்கம் பார்க்கும் மீன்கள்

மூன்று வருடம் சேகரித்ததை எழுதி முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. எழுதி முடித்ததை ஓர் ஆய்விதழ் வாங்கிக்கொள்ளும்படி ஆக்க மேலும் ஐந்து மாதம் ஆனது. இதைச் சொன்னால் ஆராய்ச்சி செய்யாதவர்கள் சிரிக்கிறார்கள். செய்தவர்கள் சிரிப்பதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். தாமிரபரணி கடலில் சேருகிற புன்னக்காயலில், எந்த மாதம் எந்த மீன் ஆற்றுக்குள் ஏறி வருகிறது என்பதுதான் என் ஆய்வு. சனிக்கிழமைதோறும் பஸ் மாறிப் போய், ஏலம் போடுவதற்கு முன்னால் மீன்களை அளந்து, எடை போட்டு, போட்டோ எடுத்து வருவேன். அளக்க விட்டவர் அங்கே ஒரு சிறு படகு வைத்திருந்த மீனவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் நான் ஸ்கேலை எடுத்தபோது, "டீச்சர், மீனுக்குச் சட்டயா தைக்கப் போறீங்க?" என்று கேட்டவர், பிறகு அவரே பெரியது சிறியது எனப் பிரித்து எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அந்த இதழ், கட்டுரையை எப்படி அனுப்ப வேண்டும் என்று பதினாலு பக்கத்துக்கு ஒரு குறிப்பு வைத்திருந்தது. என் கட்டுரையே இருபது பக்கம்தான். நான் அந்தக் குறிப்பை, கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர்களைப் படிப்பதுபோல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எண் போடவில்லையாம். போட்டு அனுப்பினேன். மறுபடி வந்தது. சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும், என்னுடையது இருநூற்று அறுபத்து மூன்று. ‘ஃபிக்’ என்று சுருக்கக் கூடாது, ‘ஃபிகர்’ என்று முழுதாக எழுத வேண்டும். அட்டவணையில் நெடுக்குக் கோடு கூடாது.

இதற்கிடையில் அவர்களுடைய இணையதளத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவிடவில்லை. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து எல்லாக் கடிதங்களும் "அன்புள்ள டாக்டர்" என்று தொடங்கி அப்பா பெயருக்கே வந்தன. அப்பா மாஞ்சோலைக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மீனைச் சாப்பிடவும் மாட்டார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "ஏட்டி, நான் எப்பம்ட்டி டாக்டரானேன்? ஒங்க அம்மைட்ட சொல்லு, கொஞ்சம் மரியாத குடுப்பா" என்றார்.

மூன்றாவது முறை நானாக எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, பென் டிரைவை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டிடிபி கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவரை அந்த வட்டாரமே டிடிபி அக்கா என்றுதான் கூப்பிடும். என்னைவிட இளையவர்தான், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் வக்கீல்களுக்கு மனு அடிப்பார், மதியத்துக்கு மேல் மாணவர்களின் ஆய்வேடுகள். அவர் கை படாமல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் முனைவர் ஆனதில்லை.

அக்கா அந்தப் பதினாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, மனுவைப் படிப்பதுபோல் பென்சிலோடு படித்தார். பிறகு என் சுருக்கத்துக்கு வந்தார்.

"பதிமூணு வார்த்த குறைக்கணும். அவ்வளவுதான மேடம்?"

"எல்லாமே முக்கியமானது அக்கா. எதை எடுக்க?"

"இங்கன பாருங்க. ‘இங்கே குறிப்பிடத்தக்கது என்னவென்றால்’னு இங்கிலீஸ்ல ஆறு வார்த்த போட்டிருக்கீங்க. குறிப்பிடத்தக்கதுன்னா குறிப்பிட்டுட வேண்டியதுதான? அத வேற ஒருக்கா சொல்லணுமா?"

அடித்தார். இன்னொரு இடத்தில் ‘என்று கருதத் தோன்றுகிறது’ என்று இருந்ததைத் தொட்டு, "கருதுதீங்களா, இல்ல தோணுதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்றார். எனக்கு முனைவர் பட்டம் கொடுத்த வழிகாட்டி ஐந்து வருடத்தில் கேட்காத கேள்வி அது. பத்து நிமிடத்தில் இருநூற்று நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டோம்.

அக்கா சாப்பிடப் போன நேரத்தில், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ‘ஃபிக்’ எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ‘ஃபிகர்’ ஆக்கினேன். ஏற்கெனவே ‘ஃபிகர்’ என்று முழுதாக இருந்த இடங்களிலும் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து ‘ஃபிக்’தானே? அதையும் கம்ப்யூட்டர் விட்டுவைக்கவில்லை. அங்கெல்லாம் வால் முளைத்து ‘ஃபிகர்யூர்’ ஆகிவிட்டது. அக்கா வந்து திரையைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது, ஃபிகர்யூர்? அம்பாசமுத்திரம் தாண்டியா இருக்கு?"

அதன் பிறகு என்னைக் கீபோர்டுப் பக்கம் விடவில்லை.

அடுத்த வேலை என் அடையாளத்தை அழிப்பது. கட்டுரையை மதிப்பிடுகிறவர்களுக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது. பெயரை எடுத்தேன், கல்லூரியை எடுத்தேன், நன்றியுரையைத் தனித்தாளுக்கு மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தால், அக்கா போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனுக்குப் பக்கத்தில் அளவுக்கு வைத்த ஸ்கேலில் எங்கள் கல்லூரி ஸ்டோரின் பெயர் பளிச்சென்று இருந்தது. இன்னொரு போட்டோவில் மீனவரின் முன்னங்கை.

"இந்தக் கையில ஒரு பேரு பச்ச குத்தியிருக்கு மேடம்."

"அது அவர் சம்சாரம் பேரு."

"அந்தம்மாவும் எழுதுனவங்கன்னு நெனச்சிருவாங்கல்லா?"

கையையும் ஸ்கேலையும் வெட்டிவிட்டு, அளவுக்கு ஒரு சிறு கோடு போட்டோம்.

கடைசியாக ஒரு விதி. ஒரே பக்கத்தில் பல மீன்களின் படங்கள் வந்தால், எல்லா மீன்களும் தலையை இடது பக்கம் வைத்திருக்க வேண்டும். நான் எடுத்த பன்னிரண்டில் ஐந்து மீன்கள் வலது பக்கம் பார்த்தன. அக்காவுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துத் திருப்பினார். பன்னிரண்டு மீன்களும் ரேஷன் கடை வரிசைபோல ஒரே பக்கம் பார்த்து நின்றன. அவ்வளவு அழகாக என் ஆராய்ச்சியை நான் பார்த்ததே இல்லை. கலரில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் உள்ளூர்ப் பெயரும் வேண்டுமாம். அந்தப் பெயர்களை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை புன்னக்காயலுக்குப் போனேன்.

மீனவர் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "மடவ. கிழங்கான். இது ஊளி..." ஒன்பதாவது படத்தில் விரல் நின்றது.

"இத எங்கன பிடிச்சீங்க?"

"நீங்க குடுத்ததுதான் அண்ணாச்சி. நாக்கு மீன்."

"நான் குடுக்கல."

"போன ஆவணியில குடுத்தீங்க. நோட்டுல எழுதியிருக்கேன்."

"டீச்சர், நாக்கு மீன நான் சின்னப்பிள்ளயிலேருந்து பாக்கேன். இது நான் குடுத்தது இல்ல. எங்க கடல்ல கெடந்ததும் இல்ல."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மூன்று வருட நோட்டு என்னிடம் இருக்கிறது. அவர் போய்ப் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு நாக்கு மீனை எடுத்து வந்து, என் கலர் பிரிண்டுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டார்.

"தலய இடப்பக்கமா வையிங்க. ரெண்டு கண்ணும் மேல தெரியுதா? வாயி எங்கன இருக்கு?"

"கீழே."

"இப்பம் ஒங்க படத்தப் பாருங்க."

படத்தில் வாய் மேலே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. மற்ற மீன்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால், படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது. நாக்கு மீன் மணலில் ஒரு பக்கமாகவே படுத்துக் கிடப்பது. இரண்டு கண்ணும் இடது பக்கத்திலேயே இருக்கும். அதன் படத்தைத் திருப்பினால் கண்கள் வலது பக்கம் போய்விடும். உலகத்தில் இல்லாத ஒரு மீனை நானும் அக்காவும் சேர்ந்து, விதிப்படி, செய்து வைத்திருந்தோம்.

இதை நான் வருடா வருடம் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு நடத்துகிறேன். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.

மீனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்குள்ள பாத்து எடுத்தீங்களோ?" என்றார். கிண்டல் செய்கிறாரா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடந்ததைச் சொன்னேன். பெட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் அந்த மீனையே ஐஸ் போட்டு ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். "காட்டுங்க. சொன்னா நம்ப மாட்டாங்க."

நம்பத்தான் இல்லை. திங்கட்கிழமை, வீட்டு ஃப்ரீசரிலிருந்து டப்பாவோடு போய் நின்றபோது அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆயிரம் போட்டோவத் திருப்பியிருக்கேன் மேடம். ஒரு ஆளும் ஒரு சொல்லு சொன்னதில்ல."

மேசையில் செய்தித்தாளை விரித்து மீனை வைத்தேன். மனு அடிக்க வந்திருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டாலும் நகரவில்லை. அக்கா ஸ்கேலால் மீனைப் பைய நகர்த்தி, தலை வலது பக்கம் இருக்கும்படி வைத்தார். நான் போட்டோ எடுத்தபோது அப்படித்தான் இருந்தது. பிறகு மீனைத் தூக்காமலே, கடிகார முள்போல அரைச் சுற்றுச் சுற்றினார். தலை இடது பக்கம் வந்தது, வாய் கீழே வந்தது. திரையில் இருந்த படத்தையும் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பம் திருப்புதது வேற, சுத்துதது வேற."

"ஆமா அக்கா."

"அட, இது தெரியாமலா இத்தன வருசம்..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயில் கை வைத்துக்கொண்டார். "மேடம், போன மாசம் ஒரு ஜாதகத்துக்குப் பொண்ணு போட்டோ வச்சேன். பூ நல்லாத் தெரியட்டும்னு திருப்பிவிட்டேன். மூக்குத்தி அந்தப் பக்கம் போயிருக்குமே!"

"மாப்பிள்ள வீட்டுல நேர்ல பாப்பாங்கல்லா," என்றார் குமாஸ்தா ஆறுதலாக.

அக்கா அன்றைக்கு மனுவைத் தள்ளி வைத்துவிட்டு, பன்னிரண்டு மீன்களையும் பழைய படங்களிலிருந்து மறுபடி எடுத்து வரிசைப்படுத்தினார். நாக்கு மீனை மட்டும் சுற்றினார். அனுப்புகிற பொத்தானை நீங்களே அழுத்துங்கள் என்றேன். முடியாது என்றார். குமாஸ்தா, "நான் வேணா அமுக்கட்டா?" என்றார். நானே அழுத்தினேன்.

இந்த முறை திரும்பி வரவில்லை. நாலு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்கள் இருவரின் குறிப்புகள் வந்தன. திருத்தினேன், ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரை வெளியானதும் முதல் பிரதியை அக்காவிடம்தான் கொண்டுபோனேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதழ்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் பாணியில் மறுபடி அச்சுக் கோத்திருந்தார்கள். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பொடி எழுத்து. வரி எண் இல்லை, இரட்டை இடைவெளி இல்லை. ‘ஃபிகர்’ எல்லாம் ‘ஃபிக்’ ஆகியிருந்தது.

"நாம செஞ்சதுல ஒண்ணையும் காங்கலயே மேடம்? அப்பம் எதுக்கு அத்தன தடவ திருப்பி அனுப்புனாங்க?"

அக்கா தன் செலவில் அதை ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு புன்னக்காயலுக்குப் போனேன். மீனவர் படங்களைப் பார்த்துத் தலையாட்டினார். "எழுத்துல என்ன இருக்கு? வாசிச்சுச் சொல்லுங்க."

மாதம் மாதமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொரு மாதத்துக்கும் "சரி" என்றார். "ஐப்பசியில கிழங்கான் வரத்து இல்லை" என்றதும் "சரி" வரவில்லை.

"யாரு சொன்னா?"

"நாம அளந்ததுதான் அண்ணாச்சி. மூணு வருசமும் ஐப்பசியில ஒண்ணுகூட இல்லை."

"ஐப்பசியில நீங்க எத்தன தடவ வந்தீங்க?"

நோட்டை எடுத்தேன். முதல் வருடம் இரண்டு சனிக்கிழமை. அடுத்த இரண்டு வருடமும் ஒவ்வொன்று. மற்ற சனிக்கிழமைகளில் எல்லாம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை.

"வந்த நாளு பூரா மழ. நாங்க கிழங்கான் வலையே போடல," என்றார் அவர். "கிழங்கான் வந்துச்சு டீச்சர். நீங்கதான் வரல."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து, இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். திருத்தக் குறிப்பு நூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று அந்தப் பதினாலு பக்கத்தில் எங்கேயோ படித்த நினைவு. எண்ணிப் பார்த்தேன், நூற்றெண்பது வந்தது. பஸ் மாறுகிற ஆத்தூர் வருவதற்குள் எட்டுச் சொல்லை எடுத்துவிட்டேன்.