சுண்ணாம்புக் கோட்டுக்குத் தண்டம்

யுத்த காலத்தில் கொழும்பில் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஆளில்லாத கார் ஒன்று தெருவோரம் கொஞ்ச நேரம் நின்றால், குண்டென்று பயந்து எதிர்க்கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்துவார். அதற்குப் பிறகு பொலிஸ் வந்து கயிறு கட்டும். ஆகவே வெள்ளவத்தையில் எங்கள் சனம் ஒரு வழக்கம் வைத்திருந்தது: எங்கே போனாலும் காருக்குள் இருப்பதற்கென்று ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு போவது. மரக்கறிக்கு மனைவி இறங்கினால் நான் இருப்பேன். கோயிலில் முறைவைத்துக் கும்பிடுவோம். எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டு அன்ரி சொல்லுவா, "கொழும்பில கார் வைச்சிருக்கிறதும் கைப்பிள்ளை வைச்சிருக்கிறதும் ஒண்டுதான் தம்பி. இறக்கி விட்டிட்டு ஒரு இடமும் போகேலாது."

அப்படிப்பட்ட நான் ஒருநாள் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மனைவிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவளுடைய தம்பி வவுனியாவிலிருந்து ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். வெளியூரிலிருந்து வரும் தமிழர் தங்குமிடத்தைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. லொட்ஜ்காரர் அவனுக்குப் போட்டுக்கொடுத்த பொலிஸ் பதிவு அன்று பின்னேரத்தோடு முடிகிறது. அதற்குள் அவனைக் கூட்டிவந்து எங்கள் பகுதிப் பொலிஸில் என் வீட்டு ஆளாகப் பதிய வேண்டும். வீட்டுக்காரன் தன் அடையாள அட்டையோடு நேரில் நிற்க வேண்டும். தவறினால் இரவு சோதனைக்கு வருகிறவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

லொட்ஜுக்குப் பக்கத்திலேயே ஒரு வெறும் வளவை வேலியடைத்துக் கார் நிறுத்த விட்டிருந்தார் ஒரு முதலாளி. தெருவில் விட ஏலாத சனம் வேறெங்கே போகும்? கேட்ட காசைக் கொடுத்துக் காரை உள்ளே விட்டார்கள். வாசலில் காவல்காரர் அடையாள அட்டையை வாங்கி ஒரு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். யாரும் குண்டு வைத்த காரை விட்டுவிட்டு ஓடாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. லொட்ஜ் அடுத்த கேற்தானே, அட்டையில்லாமல் அவ்வளவு தூரம் போய்வரலாம் என்று நினைத்தேன்.

மச்சான் ஒரு பையோடு தயாராக நின்றான். திரும்பி வந்து அட்டையைக் கேட்டேன். காவல்காரர் வயதான சிங்களவர். கொட்டாஞ்சேனையில் கிடந்து அடிபட்ட தமிழ் அவருடையது.

"மாத்தயா, கார் கோடு மேல நிப்பாட்டினது. தண்டம் இருக்கு."

"எந்தக் கோடு?"

"சுண்ணாம்புக் கோடு. போன கிழமை போட்டது."

நான் குனிந்து பார்த்தேன். சேறும் ஒரு பழைய ரயர் அடையாளமும்தான் இருந்தன.

"ஐயா, இதில கோடு இல்லையே."

"மழைக்குப் போயிட்டு," என்றார் அவர், ஏதோ கோடு ஊருக்குப் போய்விட்டதுபோல. "ஆனா தண்டம் போகல்ல. போர்ட்டில இருக்குத்தானே."

வாசல் பலகையில் எல்லாம் சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. சரி, தண்டத்தை வாங்கிக்கொண்டு அட்டையைத் தாருங்கள் என்றேன். அதுவும் நடக்காதாம். தண்டம் எவ்வளவென்று முதலாளிதான் ஆளைப் பார்த்துச் சொல்லுவாராம். லாச்சிப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான். முதலாளி பின்வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். எழுப்பினால் காவல்காரருக்கு வேலை போய்விடும்.

ஆளைப் பார்த்து! அந்தச் சொல்தான் எனக்குள் குத்தியது. எனக்கு முன்னால் வெளியே போன வான் வண்டியும் அதே சேற்றில்தான் நின்றது. அதன் ஓட்டுநர் சிங்களத்தில் இரண்டு சத்தம் போட்டார், அவரிடம் அட்டை வாங்கவுமில்லை, கோடு பற்றிக் கதைக்கவுமில்லை, கேற் திறந்துவிட்டது. நான் சத்தம் போடலாம்தான். வளவுக்கு வெளியே, சந்தி முனையில், மணல்மூட்டை அடுக்கிய ஆமிச் சென்றி. என் சத்தம் அங்கே கேட்டால் முதலில் வரும் கேள்வி, "ஐடென்டி எங்கே?" என்பதாக இருக்கும். ஒரு கட்டணம் நியாயமா என்று கேட்பதற்கு, வேண்டாமென்று திரும்பி நடக்கக்கூடியவனாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

காருக்குள் ஏறி இருந்தோம். கண்ணாடியை இறக்கினால் நுளம்பு, ஏற்றினால் வெக்கையில் அவியல். மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு லொட்ஜ் கதைகளைச் சொன்னான். வேலியின் நிழல் சேற்றின்மேல் நீண்டுகொண்டே வந்தது.

"அத்தான், பொலிஸில எதுவரைக்கும் பதிவினம்?"

"பின்னேரம் மட்டும். நீ பயப்படாத."

"நான் பயப்படேல்ல. நீங்கள்தான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள், கார் ஓடாமலே."

பார்த்தேன், உண்மைதான். கையை எடுத்தேன்.

திடீரென்று அவன் கதவைத் திறந்து இறங்கினான். கொழும்புக்குப் புதியவன், எங்கள் கார்ப் பழக்கமெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? காவல்காரரிடம் போய் வெகு மரியாதையாகச் சொன்னான்:

"ஐயா, நீங்களும் பாவம், முதலாளியை எழுப்பேலாது. அட்டையும் கிடக்கட்டும், காரும் இஞ்சையே கிடக்கட்டும். நாங்கள் லொட்ஜுக்குப் பின்னால இருக்கிற ஒழுங்கையால நடந்து போட்டு நாளைக்கு வாறம்."

காவல்காரர் பதறிப்போனார். "கார் விட்டிட்டுப் போறதா? எப்பா, எப்பா!" என்று, வேண்டாம் வேண்டாமென்பதாய், இரண்டு கையையும் ஆட்டினார்.

எனக்கு அவரைவிடப் பயம். வவுனியாவிலிருந்து வந்த ஒரு பெடியன், காரை விட்டுவிட்டு நடக்கிறேன் என்கிறான். அந்த மனிசன் சந்திப் பக்கம் திரும்பி ஒரு கூப்பிடு கூப்பிட்டால் பதிவுமில்லை, வீடுமில்லை. மச்சானின் கையைப் பிடித்து இழுத்து, "ஏறு, வாயை மூடிக்கொண்டு ஏறு," என்றேன். அவன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான்.

காவல்காரரும் சந்தியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவருக்கும் கணக்கு ஓடியிருக்க வேண்டும்: ஆமி வளவுக்குள் வந்தால் நாளைக்கு எந்தக் கார்க்காரன் இங்கே வருவான்? சறத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்வீட்டுக்கு ஓடினார்.

முதலாளி கன்னத்தில் பாய்க் கோடுகளோடு வந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துத் தண்டத்தைச் சொன்னார். வாய் திறக்காமல் கொடுத்தேன். அட்டையைத் தரும்போது சிரித்தார்: "அடுத்த முறையும் வாங்க. இந்தப் பக்கம் இதுதான் பாதுகாப்பான இடம்." நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "ஓம், வாறம்" என்றேன்.

வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் ஆமி மறித்த இடமெல்லாம் நின்று, இறங்கி, அட்டை காட்டி, ஏறி, பொலிஸ் வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நல்லகாலம், காருக்கு ஆள் வேண்டுமென்று மனைவி வேலை முடிந்து நேரே வந்து நின்றாள். தம்பியைக் கண்டு வருடக்கணக்கு. கதைக்க நேரமில்லை, கன்னத்தை ஒருதரம் தடவிவிட்டு முன்சீற்றில் ஏறி இருந்தாள். நாங்கள் உள்ளே போனோம். அதிகாரி புத்தகத்தை மூடப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திறந்தார். பதிந்து ஒரு துண்டைத் தந்தார்.

வெளியே வந்து, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நடந்ததை நான் மனைவிக்குச் சொன்னேன். கோடு மழைக்குப் போன கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தான். வீட்டு வாசலில் அவன் இறங்கக் கதவைத் திறக்க, இவள் பகிடியாகக் கையை நீட்டி, காவல்காரரின் குரலில், "மாத்தயா, எங்க போறது? அட்டையைத் தாங்க!" என்றாள்.

அவன் கை தானாகவே சேர்ட் பொக்கற்றுக்குப் போனது. அடையாள அட்டையையும் பொலிஸ் துண்டையும் ஒன்றாக எடுத்து அவளிடம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் அது அக்கா என்று அவனுக்கு நினைவு வந்தது.

இவள் அதை வாங்கவில்லை. அவன் விரல்களை மடக்கித் திரும்பவும் அவன் பொக்கற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டு, "வா, சாப்பிடுவம்," என்றாள்.