ஐந்தாம் தாளின் கடைசி வரி

கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எண்பதுகள் முடியப்போகிற காலம் அது. பதுளையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கான அலுவலகம் ஒன்றில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். அந்த ஒரு காரணத்துக்காக, "படிச்ச பையன், இங்கிலீசு வாசிப்பான்" என்று பெரிய கிளாக்கர் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

தட்டினால் தாளில் வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். வராது. முதலில் பட்டியலைத் தட்டிச் சேமிக்க வேண்டும். அதை அப்படியே அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினால், நீளமாகத் தொடரும் காகிதத்தில் இரண்டு தாள் சேரும் மடிப்பின்மேல் பெயர்களை அடித்துத் தள்ளும். அதனால் தட்டுகிற நிரலை விட்டு வெளியே வந்து, கறுப்புத் திரையில் மினுங்கும் சின்னக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டளையைப் பிசகாமல் தட்ட வேண்டும். பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர், தாளுக்கு எத்தனை வரி, ஓரம் எவ்வளவு. எல்லாம் சரியாக இருந்தால் அது பட்டியலைத் தாள் தாளாக வெட்டி, அச்சுக்குத் தோதான இன்னொரு கோப்பாக்கித் தரும். ஓர் இடைவெளி குறைந்தால் 'கட்டளை பிழை' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. என்ன பிழை என்று சொல்லாது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூடத் திட்டும்போது காரணம் சொல்வார்.

அப்படி நான் முட்டிக்கொண்டிருந்தபோதுதான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பட்டியல் வந்து சேர்ந்தது. அது என் அக்காவைக் கட்டிக்கொடுத்த தோட்டம். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத குடும்பங்களை விசாரித்துப் பதிய ஓர் அதிகாரி வியாழக்கிழமை அங்கே போகிறார் என்றும், ஒரு நாள்தான் இருப்பார் என்றும் சொன்னார்கள். அன்றைக்குத் தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அக்காவும் மச்சானும் அதற்கு முன் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டு, இரண்டும் எங்கேயோ போய்த் தொலைந்திருந்தன.

குடும்பத்துக்கு ஒரு வரி. வேலை வாங்கும் கங்காணி ஒவ்வொருவரின் ஆட்களுக்கும் தனித்தாள். இதைப் பெரிய கிளாக்கர் கண்டிப்பாகச் சொன்னார். கங்காணி தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தன் ஆட்களைக் கூப்பிடுவார், அவர்களுக்குச் சாட்சியாகக் கையெழுத்தும் போடுவார். எட்டுக் கங்காணி, எட்டுத் தாள்.

அந்தக் கட்டளைக்குக் கங்காணியையெல்லாம் தெரியாது. ஐம்பத்து நான்கு வரி ஆனதும் வெட்டும், அவ்வளவுதான். ஆகவே ஒருவரின் ஆட்கள் முப்பது வரியில் முடிந்தால், மிச்சத்துக்கு வெற்று வரிகளைத் தட்டி நிரப்பினேன். எண்ணி எண்ணி நிரப்பினேன். ஒன்று கூடினால் அடுத்த தலைப்பு கீழே இறங்கும், ஒன்று குறைந்தால் மேலே ஏறிப் பழைய தாளின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலில் இருந்து. மூன்று நாள் இதே கூத்து. ஐந்தாவது கங்காணிக்கு மட்டும் வெற்று வரியே தேவைப்படவில்லை. தாள் விளிம்பு மட்டும் நிறைந்து நின்றது. அதன் கடைசி வரி, லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்த என் மச்சான் குடும்பம்.

புதன்கிழமை மத்தியானம் எட்டுத் தாளும் ஒழுங்காக வந்தன. பெரிய கிளாக்கர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, முதலாம் கங்காணிக்கிட்ட ஒரு குடும்பம் விட்டுப்போச்சு. சேத்துரு."

"சேர், இப்பதான் எல்லாம் எண்ணி..."

"ஒரு வரிதானேப்பா! கையால அடிக்கிற மெசின்னா திரும்ப எட்டுத் தாளும் அடிக்கணும். இதுக்குத்தானே இவ்வளவு பெரிய பெட்டியை வாங்கி வச்சிருக்கு?"

"இல்ல சேர், ஒரு வரி கூடினா..."

"தம்பி, இது பிழை விடாது. பிழை விட்டா அது நீதான். பஸ்ஸுக்கு நேரமாகுது."

சேர்த்தேன். கட்டளையைத் தட்டினேன். அச்சு இயந்திரம் கிரீச்சிட்டுக்கொண்டே அடித்து முடித்தது. முன்னாலும் எட்டுத் தாள், இப்போதும் எட்டுத் தாள். முதல் தாளைப் பார்த்தேன், புதுக் குடும்பம் இருந்தது. ஒரு வெற்று வரியை அங்கேயே நீக்கியிருக்க வேண்டும். பஸ் அவசரத்தில் செய்யவில்லை. பியோன் தாள்களைக் கிழித்து உறையில் போட்டு என் கையில் திணித்தார். பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் பெரட்டுக்களத்தில், அதாவது தினமும் காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்த வெளியில், மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களை வாசிக்க, கங்காணி உரத்துக் கூப்பிட, குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். என்னைத் தோட்டத்து அலுவலகத்துக்குள் உட்கார வைத்துத் துண்டு எழுதச் சொன்னார்கள். பதிந்தவர்களுக்குக் கொடுக்கும் துண்டு. குனிந்த தலை நிமிராமல் எழுதினேன்.

இரண்டு மணிபோல வெளியே வந்தால், படிக்கட்டில் அக்கா. பக்கத்தில் மச்சான், சலவைச் சட்டையில். பிள்ளைகள் இரண்டும் தூங்கி வழிந்தன.

"என்னக்கா, முடிஞ்சிருச்சா?"

"என்னத்த முடிஞ்சிருச்சு? எங்க கங்காணி தாளு எப்பவோ முடிஞ்சிபோச்சு. எங்க பேரத்தான் கூப்பிடல. நீதானடா அடிச்ச?"

"ஒங்க பேரு இருந்திச்சே! யாருமே கூப்பிடலயா?"

"ஆறாவது கங்காணி மொத ஆளா ஒங்க மச்சான் பேர என்னமோ மொணங்குனாரு."

"அப்ப போயிருக்கலாம்ல?"

"அவரு கூப்பிட்டா நாங்க எப்புடிடா போறது?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு ஆளுங்களோட போயி நின்னுட்டு, நாளைக்குப் பெரட்டுல எங்க கங்காணி மூஞ்சில முழிக்க முடியுமா? அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா? படிச்சவனாம்!"

ஓடிப்போய்த் தாள்களை வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் சேர்ந்த ஒரு வரி எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளியிருந்தது. மற்றத் தாள்களில் நகர்ந்தது வெற்று வரி, ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் தாளில் இடமே இல்லாததால் மச்சான் அடுத்த தாளின் தலையில் போய் விழுந்துவிட்டார். தன் ஆள் இல்லை என்று ஆறாவது கங்காணி அந்த வரியைப் பின்பக்கம் நகத்தால் அழுத்தி மடித்தே விட்டிருந்தார்.

அதிகாரி பையை மூடிக்கொண்டிருந்தார். மூடுபனி இறங்கினால் ஜீப் போகாது என்று அவசரம்.

"சேர், ஒரு குடும்பம் பாக்கி. பெயர் மெசின்லதான் இருக்கு, தாள் மட்டும் மாறிப்போச்சு."

"எந்தத் தாள்?"

"ஆறு, சேர்."

"அப்ப ஆறாம் கங்காணி கையெழுத்துப் போடட்டும்."

ஆறாவது கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நம்ம ஆளு இல்லீங்களே. அடுத்தவரு ஆளுக்கு நான் எப்புடிங்க சாட்சி சொல்றது? பொய்யாயிருமுங்க."

ஐந்தாவது கங்காணி, "நம்ம ஆளுதாங்க, நல்ல ஆளு. ஆனா என் தாளுல இல்லையே. இல்லாத பேருக்குக் கையெழுத்து வச்சா என் வேலை போயிருமுங்க" என்றார்.

"நான் இந்தத் தாளின் அடியில் எழுதிடறேன், சேர்," என்றேன்.

"கையால வேணாம். காலையிலயும் ரெண்டு பேர் கேட்டான், நான் முடியாது சொன்னேன். நாளைக்கு எல்லாரும் எழுதுவான். மெசின் எழுத்து மட்டும்தான்."

மெசின் எழுத்து! மூன்று நாள் வரி எண்ணியவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு கேட்டேன்: "மெசின் எழுத்தையே வெட்டி ஒட்டினால், சேர்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்."

சவர பிளேடு கணக்கப்பிள்ளையிடம் இருந்தது. பசை யாரிடமும் இல்லை. நான் அலுவலகத்தைக் கலைத்துப் போட்டுத் தேடுவதைப் பார்த்த அக்கா, பிரிக்காமல் வைத்திருந்த சோற்று வாளியைத் திறந்து நீட்டினாள். மடிந்த வரியை நீவி வெட்டி, நாலு பருக்கையை நசுக்கி, ஐந்தாம் தாளின் அடியில் நேராக வைத்து ஒட்டினேன்.

"கோணலா போகுது," என்றாள் அக்கா.

"சும்மா இருக்கா!"

அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டின்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டடி தூரத்தில் நின்ற மச்சானின் பெயரை மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். மச்சான் ஓடி வந்து நின்றார். துண்டை நானே எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பெரிய கிளாக்கர் காத்திருந்தார். "சோத்தப் போட்டு ஒட்டினியாமே? மெசின் மானத்த வாங்கிட்டியேப்பா."

நான் கம்ப்யூட்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவசரத்தில் தாண்டிப்போன பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். மத்தியானத்துக்கு முன்னால் கிடைத்தது. பட்டியலுக்குள் ஒரு வரியில் சின்னதாக ஒரு குறியைத் தட்டினால், எத்தனை வரி ஆகியிருந்தாலும் அந்த இடத்தில் புதுத் தாள் தொடங்குமாம். வெற்று வரி வேண்டாம், எண்ண வேண்டாம். மூன்று நாள் வேலை, ஏழு குறி. புத்தகத்தைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அலுவலகப் பொருள் என்பதால் மேசையிலேயே வைத்தேன்.

பின்னேரம் பெரிய கிளாக்கர், நான் முன்பே தட்டி வைத்திருந்த அடுத்த தோட்டத்துப் பட்டியலோடு வந்தார். அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம்.

"ஒரு வரிதான், தம்பி."

வாங்கிச் சேர்த்து, கங்காணி மாறும் இடமெல்லாம் அந்தக் குறியை வைத்தேன். கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு தாளும் அதனதன் கங்காணியின் தலைப்போடு வந்தது. இருந்தாலும் உறையில் போட விடவில்லை. ஒவ்வொரு தாளின் கடைசி வரியிலும் விரலை வைத்து, அந்த வீட்டுக்காரர் பெயரை வாய்விட்டு வாசித்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதுப்பா!"

"போகட்டும் சேர்," என்றேன். "அடுத்த பஸ் இருக்கு."